கொதிப்புத் தானம்

"உங்களுக்கு விரோதின்னு யாராவது இருக்காங்களா அம்மா?" என்று டாக்டர் யாழினி கேட்டபோது, கிருத்திகா தன் மகள் மிதுலாவைப் பார்த்தாள். மிதுலா சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

"எனக்கா? விரோதியா? நான் யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்லையே டாக்டர். பால்காரர் தண்ணி கலந்து ஊத்தினாக்கூட, தாகத்துக்கு ஆச்சுன்னு குடிச்சிடுவேன்."

"அதுதாம்மா இப்ப பிரச்சினையே."

இது இன்னும் நாற்பது வருஷம் கழித்து நடக்கப்போகிற கதை. அப்போது அறுபது வயதுப் பெண்களுக்கெல்லாம் கிருத்திகா, நிவேதா என்றுதான் பெயர் இருக்கும். இன்றைக்குக் கல்லூரிப் பேருந்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனக்குள் சிரித்தபடி போகிற பெண்கள்தாம் அவர்கள். ஆகவே யாரோ என்னவோ என்று நினைத்துவிட வேண்டாம். ஊர் கும்பகோணம். ஊரை விட்டே ஒழிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த யானைக்கால் புழுவில் ஒன்று, கிளம்புகிற அவசரத்தில் கிருத்திகாவின் வலது காலில் தங்கிவிட்டது. பிறகு அதுவும் செத்துப்போயிற்று. கால் மட்டும் வீங்கிக்கொண்டே இருந்தது. இடது காலுக்கு ஓர் அளவு, வலது காலுக்கு ஓர் அளவு என்று செருப்பு தைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது வலது காலுக்குச் செருப்பே இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ரத்தம் ஓடற குழாய் எல்லாருக்கும் தெரியும்," என்றாள் டாக்டர். "அதுலேர்ந்து சதையில கசியற தண்ணிய திருப்பி எடுத்துட்டுப் போக வேற ஒரு குழாய் இருக்கு. நிணநீர் நாளம்னு பேரு. உங்க கால்ல அது மொத்தமும் தூர்ந்து போச்சு. வந்த தண்ணி போக வழியில்ல. தோல் வெடிக்குது, வெடிப்புல கிருமி பூருது, அடிக்கடி ஜுரம். போன தடவ ஜுரம் ரத்தத்துலயே எறங்கிடுச்சு. இன்னொரு தடவ வந்தா கால எடுக்கறதத் தவிர வேற வழி கிடையாது."

மிதுலாவின் கண் கலங்கிவிட்டது. "புதுக் குழாய் போட முடியாதா டாக்டர்?"

"போட முடியாது. ஆனா தானா முளைக்கும், கூப்பிட்டா. உடம்புல ஒரு புரதம் இருக்கு. அதோட வேலையே கூப்பிடறதுதான். நாளத்தோட சுவர்ல காது மாதிரி இன்னொரு புரதம் இருக்கும். இது 'வா'ங்கும், அதுக்குக் கேக்கும், நாளம் அந்தப் பக்கமா முளை விட்டு நகரும். கூப்பிடற புரதத்துக்கு நீளமா ஒரு பேரு இருக்கு. நாங்க கூவின்னு சொல்லிக்கறோம்."

"அத ஊசியில போட்டுடுங்களேன்."

"போட்டோமே! கல்யாணப் பத்திரிகைய தபால்ல அனுப்பற மாதிரிதான் அது. ஒண்ணு ரெண்டு வந்துச்சு. மிச்சமெல்லாம் 'எங்கள யாரு நேர்ல வந்து கூப்பிட்டா?'ன்னு இருந்த எடத்துலயே உக்காந்துடுச்சு. ஒரு உடம்பு அந்த நிமிஷத்துல சுரக்கறது, சூடா வந்து சேர்ந்தாத்தான் நாளம் அசையுது."

இந்த இடத்தில் கிருத்திகா ஏனோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்ப சுரக்கும்?" என்றாள் மிதுலா.

"உள்ள கொதிப்பு வந்தா. புண்ணு, வீக்கம், கோபம், எல்லாம் உடம்புக்கு ஒரே கொதிப்புதான். அம்மாவுக்கு சோதிச்சுப் பார்த்தோம். என்ன பண்ணினாலும் சுரக்கல. ரத்தம் எடுக்க ஆறு தடவ குத்தினோம், ஏழாவதுக்குக் கைய நீட்டி 'பரவாயில்லம்மா, குத்து'ங்கறாங்க. அதனால வேற ஒருத்தர் உடம்புலேர்ந்துதான் எடுக்கணும். அவங்க கையில ஒரு பட்டை, அம்மா முழங்கால்ல ஒரு பட்டை, நடுவுல ஒரு குழாய். பக்கத்துல பக்கத்துல உக்காரணும். அவ்வளவுதான். ஆனா அந்த ஆளுக்கு அம்மாவப் பார்த்த உடனே வயிறு எரியணும்."

இப்படித்தான் அந்தக் காலத்தில் கொதிப்புத் தானம் என்று ஒன்று வந்தது. அது வந்ததும் உலகம் கொஞ்சம் கோணலாகிப் போனது. ஊரெல்லாம் நல்லவர் என்று பெயரெடுத்த செந்தில்நாதன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார், வீங்கிய கையோடு வீடு வீடாகப் போய், "நான் உங்களுக்கு ஏதாவது கெடுதல் பண்ணியிருக்கேனா? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று கேட்டார். எல்லோரும் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். அடுக்குமாடி வீடுகளின் செயலாளர்களுக்கு மவுசு ஏறியது. குடியிருப்பவர்கள் அத்தனை பேர்மேலும் ஒரே சமயத்தில் கொதிக்கிறவர்கள் வேறு யார் உண்டு? மருமகள்களிடம் மாமியார்கள் திடீரென்று பணிவாகப் பேசினார்கள். கூப்பிட்டால் தானத்துக்கு வரவும் வேண்டும், மருமகளின் கொதிப்பு ஆறிவிடவும் கூடாது; அதற்கு எவ்வளவு பணிவு போதும் என்று அளந்து அளந்து. சமாதானம் செய்து வைக்கிற பெரியவர்களை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

மிதுலா தொண்டையைச் செருமினாள். "ஒருத்தங்க இருக்காங்க டாக்டர். என் மாமியார்."

"சம்பந்தியம்மாவா?" கிருத்திகா பதறினாள். "அவங்களுக்கு என்மேல என்ன கோபம்? அவங்க சுபாவமே அப்படி, பேச மாட்டாங்க."

"ஒன்பது வருஷமாவாம்மா?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மிதுலாவின் கல்யாணத்தன்று, மண்டபத்தில் நடந்தது இதுதான். தாலி கட்டி முடிந்து பந்தி போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா நிவேதா, பட்டுப்புடவை கசங்காமல் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணைப் பெற்றவள் வந்து, முகத்தைப் பார்த்து, "சாப்பிட வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதானே முறை? பெண்ணைப் பெற்றவளைக் காணவே இல்லை. அவளுடைய தம்பி மைக்கைப் பிடித்து, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்றான். பந்தி நடந்தது. இரண்டாம் பந்தி நடந்தது. இலை எடுக்கிறவர்கள்கூடச் சாப்பிட்டுவிட்டார்கள். நிவேதா பச்சைத் தண்ணீர் குடிக்காமல் எழுந்து காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து சம்பந்தி வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

அவளிடம் கேட்கப் போனது அவள் மகன் ஆதிரன்.

"அவ காலுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்?" என்றாள் நிவேதா.

"அம்மா, அந்த நாளமெல்லாம் தானா வராதாம். யாராவது நேர்ல போயி கூப்பிட்டாத்தான் வருமாம். உங்க கூவிதான் கூப்பிடணுமாம்."

நிவேதா கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒன்பது வருஷமாகக் காணாத ஓர் ஒளி வந்தது.

"இரு, இரு. மறுபடி சொல்லு. சாப்பிட வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடாதவ காலுக்கு, நான் போயி ஒவ்வொரு நாளமா 'வாங்க வாங்க'ன்னு உபசாரம் பண்ணணுமா?"

"வேண்டாம்னா விடுங்கம்மா."

"யாருடா வேண்டாம்னா? வண்டிய எடு!"

முதல் நாள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டைகளை மாட்டினார்கள். நிவேதாவின் பட்டையில் ஒரு சின்ன மணி உண்டு. கூவி போதுமான அளவு ஓடினால் கிண்ணென்று அடிக்கும். கிருத்திகா திரும்பி, "வாங்க சம்பந்தி, சௌக்கியமா?" என்றாள். அவ்வளவுதான், மணி விடாமல் அடித்தது. டாக்டர் யாழினி ஓடிவந்து பார்த்துவிட்டு, தன் பத்து வருஷ வேலையில் இப்படி ஒரு கொதிப்பைப் பார்த்ததில்லை என்றாள். நிவேதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நேரடியாகப் பேசுவதில்லை என்பது நிவேதாவின் விரதம். அதனால் எதிரே இருந்த சுவரிடம் பேசினாள்.

"மைக்ல கூப்பிட்டா போயிடறதுக்கு நான் என்ன பஸ் ஸ்டாண்டுல நிக்கற ஜனமா?" என்றாள் சுவரிடம்.

கிண்.

"தப்புதான் சம்பந்தி," என்றாள் கிருத்திகா.

"தப்புன்னு ஒத்துக்கிட்டா ஆச்சா? ஒத்துக்கறதுக்கு ஒன்பது வருஷமா?"

கிண், கிண்.

"பசியோட போனீங்களேன்னு எனக்கு ரொம்ப வருத்தம்."

"பசியா? யாருக்குப் பசி? எங்க வீட்டுல சோறு இல்லன்னு சொல்றா பாரு!"

மணி அடித்த அடியில் பக்கத்து அறை நோயாளி, பூசை நடக்கிறதென்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டார்.

சில வாரங்களில் கால் வடியத் தொடங்கியது. பாதத்தின் மேல் விரல் நரம்பு தெரிந்தது. ஒரு நாள் காலையில் கணுக்கால் எலும்பு வெளியே வந்துவிட்டது. அப்படி ஒன்று தனக்கு உண்டு என்பதையே மறந்திருந்த கிருத்திகா, அதைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள். டாக்டர் படம் எடுத்துக் காட்டினாள்: முளைவிட்ட நாளங்கள் கறிவேப்பிலைக் கொத்து மாதிரிக் கிளைத்து முழங்காலைத் தாண்டியிருந்தன. தொடை சேருமிடத்தில் இருக்கிற பெரிய நாளத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், பிறகு ஆயுசுக்கும் கவலை இல்லை. சேராமல் பாதியில் நின்றால் எல்லாம் சுருங்கிக்கொள்ளும்.

"எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று நிவேதா தினமும் கேட்பாள். தன் வீட்டுக் கொடி அடுத்த வீட்டுக் கூரை வரைக்கும் போய்விட்டதா என்று பார்க்கிற மாதிரி.

தவறு நடந்தது அப்போதுதான். அன்றைக்கு நிவேதாவுக்குச் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பழையதையே எடுத்தாள்.

"எங்கதான் போயி ஒளிஞ்சுக்கிட்டாளோ மகராசி. மணமேடையில இருந்தவ, பந்தி நேரத்துல மாயமா மறைஞ்சா."

கிருத்திகா, தன் காலையே பார்த்தபடி, "சாமான் அறையில இருந்தேன்," என்றாள்.

"எங்க?"

"அரிசி மூட்டை மேல கால நீட்டிக்கிட்டு. அதுக்கு நாலு மாசம் முன்னாடியே வீக்கம் ஆரம்பிச்சுடுச்சு. அன்னிக்கு விடியக்காலைலேர்ந்து நின்னதுல, மேடைய விட்டு எறங்கறப்ப கால் தூணாட்டம் ஆயிடுச்சு. பொடவைய மீறித் தெரிஞ்சுது. கதவ சாத்திக்கிட்டு உக்காந்துட்டேன். தாலி கட்டியாச்சுன்னாலும், பொண்ணோட அம்மாவுக்கு யானைக்கால்னு தெரிஞ்சா, உங்க பக்கத்து ஜனம் நாலு பேசுமே, பொண்ணு கண்ணு கலங்குமேன்னு... நீங்க பசியோட போயிட்டீங்கன்னு தம்பி வந்து சொன்னான். எந்திரிக்கப் பார்த்தேன் சம்பந்தி. முடியல."

மணி அடிக்கவில்லை.

நிவேதா சுவரை விட்டுவிட்டு, முதல் தடவையாக இந்தப் பக்கம் திரும்பினாள். "அண்ணி," என்றாள். "நீங்களும் அன்னிக்கு சாப்பிடலயா?"

டாக்டர் யாழினி உள்ளே வந்தபோது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அவள் பட்டையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரும்மா உங்கள உண்மைய சொல்லச் சொன்னது? இன்னும் ஒரு சாண் இருந்துச்சே! ஒரு சாண்!"

அதற்குப் பிறகு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மறுநாள் நிவேதா தானே முயன்று பார்த்தாள். பல்லைக் கடித்தாள். சீரில் குறைந்துபோன குத்துவிளக்கை நினைத்துக்கொண்டாள். "விளக்கு ஒண்ணு குறைஞ்சா என்ன, கரண்டு இருக்கே" என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. கிருத்திகா உதவிக்கு வந்தாள்.

"அண்ணி, நீங்க வைக்கிற வத்தக்குழம்பு வாயில வைக்க வெளங்காதாம்."

"யாரு சொன்னா?"

"மிதுலா சொன்னா."

"உண்மைதான் அண்ணி. எனக்கே எறங்காது."

மணி செத்துப்போனதுபோல் கிடந்தது.

மிதுலா தன் மாமியாரைச் சீண்டினாள். வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்றாள், ஆதிரனைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போகப்போகிறேன் என்றாள். "போங்கம்மா, சந்தோஷமா இருங்க, அடிக்கடி வாங்க" என்றாள் நிவேதா. அடுக்குமாடிச் செயலாளர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் காலையிலிருந்து ஐந்து பேருக்குக் கொதித்துவிட்டு வந்திருந்தார். பட்டையை மாட்டியதும் தூங்கிப்போனார்.

நாளங்கள் சுருங்கத் தொடங்கின. கணுக்கால் எலும்பு மறுபடி மறைந்தது. பாதம் சிவந்து சுட்டது. அன்று மாலை டாக்டர் யாழினி, நிவேதாவை மட்டும் வெளியே அழைத்துச் சொன்னாள்: "காலைல ஜுரம் வந்துச்சுன்னா, மத்தியானம் அறுவைச் சிகிச்சைதான். அவங்ககிட்ட இன்னும் சொல்லல."

நிவேதா உள்ளே போனாள். கிருத்திகா அவளைப் பார்த்துச் சிரித்து, நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்க அண்ணி. கால் கெடக்குது விடுங்க. இத்தனை வயசுக்கு மேல ஓட்டப்பந்தயத்துக்கா போகப்போறேன்? நமக்குள்ள சரியாச்சே, அது போதும்."

நிவேதா உட்காரவில்லை. பட்டையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்து நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்தக் கதவ நான் தொறந்து, உங்க கால பார்த்திருந்தேன்னு வைங்க."

"ம்."

"நாலு பேச்சோட விட்டிருக்க மாட்டேன். மிதுலாவ அங்கயே விட்டுட்டு, என் புள்ளையக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

கிருத்திகா சிரிக்கப் பார்த்தாள். "தாலி கட்டின பொறகா?"

"கட்டினா என்ன? ஏமாத்திட்டாங்கன்னு சொல்லியிருப்பேன். யானைக்கால்காரி வயித்துல பொறந்தது எனக்கு வேண்டாம்னு, அதே மைக்கப் புடுங்கி, மண்டபத்துக்கே கேக்கற மாதிரி சொல்லியிருப்பேன்."

"பர..." என்றாள் கிருத்திகா. 'பரவாயில்ல' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அறுபது வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை. அது பாதியில் நின்றுவிட்டது. இன்னொரு தடவை முயன்றாள். "பர..."

மேலே போகவில்லை. அவள் கழுத்து சிவந்தது. காது சிவந்தது.

"என் பொண்ணையா?"

"ஆமா."

"அவ என்ன பண்ணினா? வீங்கினது என் காலு! ஒன்பது வருஷம், வெயில்லயும் வேக்காட்டுலயும், தரையக் கூட்டற மாதிரி பொடவையக் கட்டிக்கிட்டு, உங்க வீட்டு ஜனம் வர்ற தெருவுல போகாம சுத்திச் சுத்திப் போயிருக்கேன். எதுக்கு? இந்த வார்த்தைய கேக்கவா? உங்க வீட்டு நோவெல்லாம் தங்கத்துல செஞ்சதா? உங்க வீட்டுக்காரருக்கு சக்கரை இல்ல? நான் அதப் பத்தி ஒரு சொல்லு சொன்னேனா? பாயசத்துல கூட அவருக்குன்னு தனியா... போங்க! வெளில போங்க! என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க!"

கிண்ணென்று மணி அடித்தது. டாக்டர் ஓடிவந்து, "ஆஹா, அம்மா, வந்துடுச்சா?" என்று நிவேதாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நிவேதாவின் பட்டை சும்மா இருந்தது. நடுவிலிருந்த குழாய் காய்ந்து கிடந்தது. சத்தம் வந்தது கிருத்திகாவின் முழங்கால் பட்டையிலிருந்து. அதிலும் ஒரு மணி இருக்கிறது என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. ஒரு நாளும் அடித்ததில்லையே.

"அம்மா," என்றாள் டாக்டர் மெதுவாக, "இது உங்களோடது. உங்க உடம்பே கூப்பிடுது."

"கூப்பிடறது இருக்கட்டும். மொதல்ல இந்தப் பொம்பளைய வெளில அனுப்புங்க!"

மறுநாள் காலையில் ஜுரம் வரவில்லை. இரண்டாவது நாள் சிவப்பு இறங்கியது. சுருங்கிய நாளங்கள் மறுபடி முளைவிட்டு, விட்ட இடத்திலிருந்து நகரத் தொடங்கின. மிதுலா உள்ளே போகும்போதெல்லாம் கிருத்திகா மூச்சு விடாமல் ஒரு பத்து நிமிஷம் பேசுவாள். பால்காரர், மைக் பிடித்த தம்பி, ஏழு தடவை குத்திய நர்ஸ், ஒருவரையும் விடவில்லை. அறுபது வருஷத்துப் பாக்கி அல்லவா. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நிவேதா தினமும் வந்து வெளியே, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போக அவளுக்கு அனுமதி இல்லை.

"இன்னும் நாலு விரக்கடைதான் பாக்கி," என்று ஒரு நாள் டாக்டர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆனாலும் நீங்க பெரிய நடிகைம்மா. அவங்க காலக் காப்பாத்த என்னா ஒரு பொய்யி! எனக்குக்கூட இப்படித் தோணல."

நிவேதா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பொய்யின்னு நெனச்சுத்தான் டாக்டர் ஆரம்பிச்சேன்," என்றாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லிக்கிட்டே வந்தேனா... மைக்கப் புடுங்கறேன்னு சொல்றப்ப, அந்த மைக்கு என் கையில கனமா இருந்துச்சு. என்ன பேசியிருப்பேன்னு வார்த்தை வார்த்தையா வந்துச்சு. ஒரு வார்த்தையக்கூட நான் யோசிச்சு எடுக்கல."

உள்ளே கிருத்திகாவின் குரல் உயர்ந்தது. யாருக்கோ நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. மணி தெளிவாக ஒரு தடவை அடித்தது.

டாக்டர் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வாரக் கடைசிக்குள்ள பெரிய நாளத்தோட சேர்ந்துடும். அப்புறம் நீங்க உள்ள போயி பேசலாம்," என்றாள்.

"மெதுவாவே சேரட்டும், அவசரமில்ல," என்று நிவேதா காலைத் தூக்கி பெஞ்சின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். "என்ன பேசறதுன்னு எனக்கும் ரெண்டு நாள் வேணும்."